மூளை அளக்கும் குண்டு

பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அந்தப் பள்ளிக்கூடம் கடிதம் மேல் கடிதம் போட்டால் பத்துப் பேர் வருவார்கள். அதிலும் இரண்டு பேர் தூங்குவார்கள். இன்று காலையிலோ மண்டபத்தில் எள் போட இடமில்லை. மூளை அளக்கும் மகான் வந்திருந்தார்!

மகானின் கையில் ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. அதைப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடிப்பார். குண்டு வட்டமாகச் சுற்றினால் பிள்ளை மேதை. குறுக்கே ஆடினால் மரமண்டை. வாத்தியார்கள் பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தித் தெரிந்துகொள்வதை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார், புண்ணியவான். மரமண்டைகளுக்குக் கழுத்தில் மாட்ட ஒரு செப்புத் தகடு உண்டு. அதையும் அவரே விற்றார்.

அறிவியல் டீச்சர் சுவரோரம் நின்று பார்த்தாள். பாலிஷ் போட்ட ஷூ வந்தால் குண்டு சுற்றியது. ரப்பர் செருப்பு வந்தால் குறுக்கே ஆடியது. பிரபஞ்ச சக்தி முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு ஏறும் போலிருக்கிறது.

பஞ்சர் கடைக்காரரின் மகள் ஏழாம் வகுப்பு. கேள்வி கேட்டே டீச்சரின் உயிரை எடுப்பவள். அவள் தலைமேல் குண்டு குறுக்கே ஆடியது. அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"படிப்பு ஏறாதாம் டீச்சர். நாளைலேர்ந்து அனுப்பல. அவ சித்தியோட துணி கம்பெனிக்குப் போகட்டும்."

"நேத்து வரைக்கும் ஏறுச்சே?"

"பெரியவர் பொய் சொல்வாரா?"

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். நேராக மேடை ஏறினாள்.

"ஐயா, நீங்க கண்ணால பாத்துத்தான் சொல்றீங்களா?"

"கண்ணா? கண்ணு எதுக்கும்மா? மூளையிலேர்ந்து அலை வருது. குண்டு புடிச்சுக்குது!"

"அப்போ கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லுங்களேன். எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. பாவம், தங்கள் மகானைத் தாங்களே மாட்டிவிடுகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. பஞ்சர் கடைக்காரரே ஒரு துணியால் மகானின் கண்ணை இறுக்கிக் கட்டினார்.

டீச்சர் இரண்டு பிள்ளைகளின் காதில் எதையோ சொல்லி அனுப்பினாள். பாலிஷ் ஷூ போட்ட அந்தப் பிள்ளைகள் டக் டக்கென்று நடந்து வந்து, எதையோ நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குண்டு சுழன்று சுழன்று சுற்றியது.

"ஆஹா! மேதை! டாக்டராகும் யோகம்!"

நாற்காலியில் இருந்தது, அறிவியல் அறையின் பிளாஸ்டிக் எலும்புக்கூடு.

சிரிப்பை அடக்கச் சொல்லி டீச்சர் வாயில் விரல் வைத்தாள். அடுத்து, மகானை வரவழைத்த தலைமை ஆசிரியரைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சைகையால் சொன்னாள். அவரும் பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார். குண்டு குறுக்கே ஆடியது.

"சுத்த மரமண்டை. அஞ்சாங்கிளாஸ் தாண்டாது. தகடு ரெண்டா போடுங்க."

மண்டபம் அதிர்ந்தது. மகான் துணியை அவிழ்த்தார். எலும்புக்கூட்டைப் பார்த்தார். தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தகட்டுப் பெட்டியைக்கூட எடுக்காமல் பின்வாசலைப் பார்த்து ஓடினார். போகிற அவசரத்தில் குண்டு கீழே விழுந்தது.

"ஆனா அது தானா ஆடுச்சே, டீச்சர்?" பஞ்சர் கடைக்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

டீச்சர் நூலை அவர் கையில் கொடுத்தாள். "கையை ஆட்டாதீங்க. சுத்தணும்னு மனசுல மட்டும் நினைங்க."

குண்டு மெல்லச் சுற்றியது. அவர் தன் கையையே உற்றுப் பார்த்தார். "ஐயோ, நான் ஆட்டலையே!"

"உங்களுக்கே தெரியாம உங்க கை ஆட்டுது. போன வாரம் வகுப்புல ஒவ்வொருத்தரும் செஞ்சு பாத்தோம். முதல்ல கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? உங்க பொண்ணு."

அவர் கண் கலங்கியது. "படிக்கட்டும், டீச்சர். எவன் வந்து சொன்னாலும் சரி, படிக்கட்டும்."

அதற்குள் ஓர் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "எல்லாம் பித்தலாட்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா என் பையன் மேதைன்னாரே, அது மட்டும் நிஜம்தானே?"

"அம்மா, உங்க பையன் மூளையை அவன் பாத்துக்குவான்," என்றாள் டீச்சர். "நீங்க முதல்ல உங்களோடதை வெளியில எடுத்துக் கொஞ்சம் உபயோகிங்க."