இன்டர்கூலருக்கு வைத்திருந்த ஐஸ்

அன்பும் மரியாதையும் மிக்க வெர்னா அக்காவுக்கு, இண்டியானாவிலிருந்து தம்பி எல்டன் எழுதுவது. இங்கே நானும் மார்லினும் மக்காச்சோளமும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் முட்டிவலி இல்லாமல் நடமாட வேண்டுமென்று ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன்.

கண்காட்சியில் நடந்ததை மார்லின் உனக்குப் போனில் சொன்னாளாம். அவள் சொன்னது அவள் பக்கம். போன வருஷம் இங்கே வந்திருந்தபோது, எடை வண்டியை டிராக்டரில் கட்டி இழுக்கிற போட்டியில் என் டிராக்டரின் பிஸ்டன் உருகியதை நீயே பார்த்தாய். டர்போ அழுத்தி அனுப்புகிற காற்று அடுப்பனல் மாதிரி கொதிக்கிறது; அதை ஆற்றி இன்ஜினுக்குள் விடுவதற்குத்தான் இன்டர்கூலர். "இன்னொரு தடவ இன்ஜின் போச்சுன்னா டிராக்டரும் போகும், சொல்லிட்டேன்" என்று மார்லின் உருளைக்கிழங்கு உரித்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து குளிர்காலம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. அலுமினியத் தகடுகள் தேன்கூடு மாதிரி அடுக்கியிருக்கும். கண்ணை மூடினால் நானே காற்றாகி அதற்குள் நுழைந்து, சூடெல்லாம் இறங்கி, மறுபக்கம் மெல்ல வெளியே வருவேன். சாப்பிடும்போது மார்லின் உப்பைக் கேட்டதற்கு, "தண்ணியில ஆத்தலாமா, காத்துல ஆத்தலாமா" என்றேனாம்.

பக்கத்துப் பண்ணை ராய்ஸ்தான் தெளிவுபடுத்தினான். "காத்துல ஆறுறது லாரிக்குச் சரிப்பா. அது ரோட்டுல பறக்குது, எதிர்க்காத்து கிடைக்குது. நீ எடை வண்டியக் கட்டிக்கிட்டு ஊர்ந்து போற ஆளு. உனக்கு ஐஸ் தண்ணிதான்." எவ்வளவு பெரியது வாங்குவது என்று கேட்டேன். "பெருசா வாங்குனா காத்து உள்ளேயே ஊர் சுத்திட்டு வரும். சிறுசா வாங்குனா இன்ஜினுக்கு மூச்சு முட்டும். உன் வீட்டு அடுப்புல பாதி இருந்தாப் போதும்." உடனே போய் அடுப்பை டேப் வைத்து அளந்தேன். அதைப் பார்த்துப் புது அடுப்பு வருகிறதென்று நினைத்து மார்லின் அன்று ஆப்பிள் பை செய்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்டர்கூலர் பெட்டி வந்து இறங்கியபோது அது தானாகவே கலைந்தது. பூட்டிய பிறகு பானெட் மூடவில்லை, அதை வெட்டினேன். முதல் முடுக்கலிலேயே காற்றுக்குழாய் பிய்த்துக்கொண்டு, கொடியில் காய்ந்த சர்ச் உடைகளெல்லாம் கரிப்புகையில் குளித்தன. இரட்டைப் பட்டை போட்டு இறுக்கினேன். மார்லின் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

போட்டியன்று, இன்டர்கூலருக்குத் தண்ணீர் போகிற தொட்டி நிறைய ஐஸ் கொட்டி, போர்வை சுற்றிக் காவலுக்கு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து கண்காட்சி மைதானத்தில் கரண்ட் போனது. லெமனேட் விற்கிற டோலரஸ் வந்தாள். "எல்டன், ஒரு வாளி குடுப்பா. லெமனேடெல்லாம் வெந்நீராயிடுச்சு." கொடுத்தேன். பாதிரியாரை ஒரு செம்மறி உதைத்துவிட்டது. அவர் காலுக்குக் கொடுத்தேன். மயங்கி விழுந்த ஒரு பெரியம்மாவின் நெற்றிக்குக் கொடுத்தேன். கடைசியில் ராய்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "பீருக்கு இல்லப்பா, முட்டிக்கு." முட்டியில் வைக்கப் பீர் டின் அளவு துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினான். என் பெயரைக் கூப்பிட்டபோது தொட்டியில் ஐஸ் துண்டுகள் கிழவர் வாய்ப் பல்லைப்போல அங்கொன்றும் இங்கொன்றும் மிதந்தன.

பச்சைக் கொடி விழுந்தது. முன்சக்கரங்கள் மண்ணைவிட்டு எழுந்ததும் எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு இரைச்சலிலும் ஒரு சத்தமும் காதில் விழவில்லை அக்கா. கரும்புகை மேகத்தோடு மேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாய்க்குள் ஆற்றங்கரைக் காற்று ஓடுவதை நான் உணர்ந்தேன், சத்தியமாக உணர்ந்தேன். சிவப்புக் கொடி ஆட்டுகிறவர் எதிரே ஓடிவந்து கத்திக்கொண்டிருந்தார். "கோட்டத் தாண்டியாச்சுய்யா, நிறுத்து." கடைசிவரை இழுத்துவிட்டிருந்தேன்.

மார்லின் வந்து என் முகத்துக் கரியைத் துடைத்தாள். "இன்ஜின் இருக்கா?" "இருக்கு." "அப்ப நீயும் இரு" என்றாள்.

மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் ஐஸ்தான் என்னைக் காப்பாற்றியது. ஊருக்குக் கொடுத்தவனுக்குக் குறை வராது என்று பாதிரியாரும் நொண்டியபடி மேடையேறி என் பெயர் சொல்லியே பிரசங்கம் செய்துவிட்டார். உங்கள் வீட்டிலும் எந்தக் குறையும் வராதிருக்கட்டும். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
எல்டன்

பி.கு.: இதை எழுதி வைத்துவிட்டு இன்று காலை தண்ணீர்க் குழாயைக் கழற்றினேன். இன்டர்கூலரின் தண்ணீர் வாயில், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கிறது. அதன் மேலேயே குழாயை மாட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர்கூடப் போகவில்லை. பாதிரியாருக்குச் சொல்லவில்லை, மார்லினுக்கும் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்கு மூடியை எடுப்பதா விடுவதா என்று அத்தானைக் கேட்டு எழுது.