கொப்பரை அழுத கதை

இந்தக் கோடையில் எங்கள் க்ருஷெவிக் ஊரில் ஒரு கொப்பரை அழுதது. பக்கத்து வீட்டுக்காரன் அழுதால் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர் இது. ஆனால் செம்புக் கொப்பரை அழுகிறது என்றதும் பேருந்து பிடித்து வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறையை முன்னதாகவே எடுத்துக்கொண்டு, மனைவியோடும் மாமியாரோடும் வந்து இறங்கினார். மாமியாரைக் கண்டதும் கொப்பரை கூடுதலாக அழுததாக அவரே சொன்னார்.

நான் திஹோமிர். கொப்பரை இருந்த கொட்டகைக்கு நேர் எதிரே மதுக்கடை வைத்திருப்பவன். கண்ணீரைப் பார்த்து நெஞ்சு உருகியவர்கள் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். உருகிய நெஞ்சுக்குப் பசி அதிகம், தாகம் அதைவிட அதிகம். சுட்ட இறைச்சியும் குளிர்ந்த பீரும் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துபோனது. ஆகவே இந்தக் கதையில் நானும் ஒரு குற்றவாளி. மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் எல்லாருக்கும் ராஸ்பெரிதான் சோறு. ஜூன் கடைசியில் பழம் சிவக்கும். அதே ஜூன் கடைசியில்தான் ஆலங்கட்டியும் விழும். பத்து நிமிடம் விழுந்தால் போதும், ஒரு வருட உழைப்பு சேற்றில் கிடக்கும். அதைத் தடுக்க எங்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. கறுத்த மேகம் வந்தால், ஊரில் கடைசியாகத் தண்ணீரில் மூழ்கிச் செத்தவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். மேகங்கள் அவன் மேய்க்கும் வெள்ளை மாடுகளாம். "உன் மாடுகளைத் திருப்பு!" என்று கேட்டுக்கொண்டால் ஓட்டிக்கொண்டு போய்விடுவானாம்.

எங்கள் ஊரில் கடைசியாக மூழ்கியவன் லுபிசாவ். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு ஆற்றைக் கடந்தான், பாதிதான் கடந்தான். உயிரோடு இருந்தபோது ஒரு ஆட்டைக்கூட ஒழுங்காக மேய்த்தவன் இல்லை. செத்ததும் வானத்து மந்தை முழுவதையும் நம்பி அவனிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. நாம் கத்துவது அவனுக்குக் கேட்கிறதா என்று தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மே மாதம் ஒரு வேனில் வந்து சேர்ந்தார் விதோயே. நல்ல உயரம், நல்ல மீசை, அதைவிட நல்ல குரல். முன்பு நகரத்தில் ஏதோ ரிப்பேர் வேலை பார்த்தாராம். என்ன ரிப்பேர் என்று யாரும் கேட்கவில்லை. தன் பெயர் இனி மேக மேய்ப்பர் என்றார். சரி என்றோம்.

கொட்டகைக்குள் முக்காலி போட்டுக் கொப்பரையை வைத்தார். தினமும் விடியும்போது மலைமேல் அடர்ந்த மரக்காட்டு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவார். வேறு யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. மூடிபோட்டு, மேலே பூத்தையல் துணி ஒன்றை விரிப்பார். பத்து மணிக்குள் கொப்பரையின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் துளி கோக்கும், பிறகு வழியும். விதோயே செம்பில் காதை வைத்து, லுபிசாவ் சொல்வதை எங்களுக்கு மொழிபெயர்ப்பார். சில நாள் லுபிசாவ் கொஞ்சமாக அழுவான், சில நாள் தாரை தாரையாக. அதிகமாக அழுதால் மேகத்தைத் திருப்ப மலைமேல் நிற்கிறான் என்று அர்த்தம். காணிக்கையாகப் பாலாடைக்கட்டி, புகைபோட்ட இறைச்சி, தினார் நோட்டு எதுவும் லுபிசாவுக்குச் சம்மதமாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கமாட்டேன். ஜூன் நடுவில் லுபிசாவ் ஒரு புதுச் செய்தி அனுப்பினான். அவன் பிணத்தை மீன் வலை போட்டுத்தான் ஆற்றிலிருந்து எடுத்தோம். அதனால் செத்தவனுக்கு வலை என்றாலே நடுக்கமாம். ராஸ்பெரித் தோட்டங்களுக்கு மேலே ஆலங்கட்டியைத் தாங்கும் வலை விரித்திருக்கிறோமே, அதைப் பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வரவே பயப்படுகிறானாம். வலைகளைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தால், விதோயே ஆற்றங்கரையில் வைத்து முறைப்படி எரித்துவிடுவார்.

ஊரில் பத்துப் பேர் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். வலைகள் வேனுக்குள் போயின. ஆற்றங்கரையில் புகை வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஓப்ரென் மட்டும் தயங்கினான். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன், அரை ஹெக்டேர் தோட்டக்காரன். இந்த வருடம்தான் இரண்டு மாட்டை விற்று அந்தக் கறுப்பு வலையை வாங்கியவன். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவனுக்கு ஆலங்கட்டியில் எல்லாம் போனது. இந்த வருடமும் போனால் தோட்டத்தையே விற்க வேண்டியதுதான். பயந்தவனுக்கு வலை மட்டும் போதாது, செத்தவனும் வேண்டும்; செத்தவனோ வலையை விடச் சொல்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.  ஆற்றங்கரையில் புகையே வரவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, அவனுக்கும் ஒரு பீரை ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டியது. கொப்பரை என்றும் இல்லாத அழுகை அழுதது, முக்காலிக்குக் கீழே குட்டையே கட்டிவிட்டது. கூட்டம் கையில் என் பீர்க் குவளைகளோடு வாயைப் பிளந்து நின்றது.

"பார்த்தீங்களா! இன்னிக்கு உங்க எல்லாருக்கும் சேர்த்து அழுறாரு! வலையக் குடுப்பா ஓப்ரென். இன்னும் எதுக்கு யோசனை?" என்றார் விதோயே.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் வழி விடுங்கப்பா. என் வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு பார்த்துட்டுப் போறேன்."

ஸ்டோய்கா. லுபிசாவின் மனைவி. அவன் விட்டுப்போன சாராய அடுப்பை எடுத்து நடத்துகிறவள். அக்டோபர் வந்தால் ஊர் பிளம் பழம் முழுவதும் அவள் அடுப்புக்குத்தான் போகும். கொப்பரை வந்த நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை. ஓப்ரென் வலையைச் சுருட்டுவதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

விதோயே குரலைக் குழைத்தார். "வாங்க தங்கச்சி. உங்கள நெனச்சுத்தான் அழுதுட்டிருக்காரு."

"அப்படியா? பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணினேன். எங்க அம்மா செத்தப்பக்கூட அந்த மனுசன் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல. செத்தப்புறம் ரொம்பத்தான் இளகிட்டாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"சரி அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அழுறது என் வீட்டுக்காரரா, உள்ள இருக்கிற தண்ணியா?"

"என்ன கேள்வி இது? அவருதான்!"

"அப்போ உள்ள எந்தத் தண்ணி இருந்தா என்ன? திஹோ! உன் வாசல்ல வெயில்ல காயுதே தொட்டித் தண்ணி, ரெண்டு வாளி கொண்டா."

நான் ஓடினேன். விதோயே மறித்தார். "ஊத்துத் தண்ணியத்தான் ஊத்தணும்! வெந்நீர் அவருக்குப் பிடிக்காது. குளுந்த தண்ணியில உயிர விட்டவரு!"

"எனக்கா சொல்றீங்க? சனிக்கிழமை குளிக்க வைக்கிறதுக்குள்ள என் உயிர் போயிரும். சுடச்சுடக் காய்ச்சி வச்சாத்தான் கால வைப்பாரு. ஓப்ரென், நீ அந்த மூடியத் தூக்கு."

ஓப்ரென் விதோயேயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மூடியைத் தூக்கினான். ஊற்றுத் தண்ணீரைக் கவிழ்த்தபோது அவன் காலில் பட்டது. "ஐயோ, பனிக்கட்டி மாதிரி இருக்கே!" என்று துள்ளினான். வெயில் தண்ணீரை நிரப்பினோம். ஸ்டோய்கா பூத்தையல் துணியை எடுத்துக் கொப்பரையை அழுத்தித் துடைத்தாள்.

காத்திருந்தோம். கால் மணி நேரம். செம்பு பளபளவென்று காய்ந்து கிடந்தது. லுபிசாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"கோவிச்சுக்கிட்டாரு!" என்றார் விதோயே. "நம்பிக்கை இல்லாதவங்க முன்னாடி அவரு..."

ஸ்டோய்கா அவரைக் கவனிக்கவில்லை. ஓப்ரென் கையிலிருந்த பீர்க் குவளையைப் பிடித்து உயரத் தூக்கினாள். காத்திருந்தபோது என் நிலவறையிலிருந்து நான் புதிதாக எடுத்துக் கொடுத்த பீர். குவளையின் வெளிப்பக்கம் முழுவதும் துளி துளியாக வழிந்துகொண்டிருந்தது.

"இதுல எந்தச் செத்தவன் அழுறான்?"

நூறு பேர் தங்கள் கையைப் பார்த்தார்கள். எல்லாக் குவளையும் அழுதுகொண்டிருந்தது. ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்தது. அந்த ஈரத்தை என் மேசையிலிருந்து துடைத்துத் துடைத்தே என் துணிகள் நைந்திருந்தன, எனக்கும் தோன்றவில்லை.

"அக்டோபர்ல என் அடுப்படியில வந்து உக்காருறீங்களே," என்றாள் அவள். "ஆவி குழாய் வழியாப் போய், குளுந்த தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கினதும் சொட்டுச் சொட்டா வருதே, அது யாரு கண்ணீரு? அங்க மட்டும், 'தொட்டி சூடாயிருச்சு, தண்ணிய மாத்து ஸ்டோய்கா'ன்னு ஆளாளுக்குப் பாடம் நடத்துறீங்க. ஆவி குளுந்தா தண்ணியாகும்னு இந்த நாட்டுல உங்களவிட யாருக்கய்யா தெரியும்? காத்துலயும் அதே ஆவிதான் இருக்கு. குளுந்த செம்புல பட்டா இறங்குது."

"அப்போ சில நாள் கொஞ்சமா, சில நாள் நிறைய..." என்று இழுத்தான் ஓப்ரென்.

"காத்துல ஈரம் எவ்வளவோ, அவ்வளவு. கொப்பரை பொய் சொல்லலடா. இன்னிக்கு ஊரு மேல நிறையத் தண்ணி நிக்குதுன்னு சொல்லுது. அந்த ஈரம் வெயில்ல சூடாகி மேல ஏறும், குளுந்து மேகமாகும். இன்னும் மேல போனா கட்டியாகி உன் தோட்டத்துல விழும். இவ்வளவு வேர்க்கிற அன்னிக்கு வலைய விரிக்கணும்! நீ சுருட்டிக்கிட்டு வந்து நிக்கிற!"

அவள் கையை நீட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மலைக்குப் பின்னால் மேகம் பொங்கும் பால் மாதிரி எழுந்து நின்றது, அடிப்பக்கம் கன்றிப்போன கறுப்பு. இவ்வளவு நேரமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கொப்பரையைப் பார்த்து நின்றிருக்கிறோம். முதல் இடி அப்போது விழுந்தது.

பிறகு நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வேன் கதவைத் திறந்தோம். பத்து வலையும் ஒழுங்காக மடித்து, கயிறு கட்டி, விற்பனைக்குத் தயாராக இருந்தன. எரிப்பதற்கு முன் அவ்வளவு அழகாக மடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தோட்டங்களுக்கு ஓடினோம். ஜெர்மனிக்காரரும் ஓடினார், மாமியாரும் ஓடினார்.

ஓப்ரென் தோட்டத்தில் பாதி வலை ஏறும்போது முதல் கட்டி என் நெற்றியில் விழுந்தது. வால்நட் அளவு. பக்கத்தில் வலையின் முனையைப் பிடித்திருந்த ஒருவர் பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்த்து, "லுபிசாவ்! ஏ லுபிசாவ்! உன் மாடுகளத் திருப்பு!" என்று கத்தினார்.

"அவர விடுய்யா!" என்று அலறினாள் ஸ்டோய்கா. "கயித்தப் பிடி!"

பிடித்தார். கட்டினோம். பத்து நிமிடம் வலைக்குக் கீழே உட்கார்ந்து, மேலே கல் கொட்டுவதைக் கேட்டோம். ஓப்ரென் வாய்விட்டு அழுதான். அவனைப் பார்க்க யாரும் பேருந்து பிடித்து வரவில்லை. அவன் பழம் தப்பியது. மூன்று பேருக்கு வலை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவர்கள் தோட்டம் கூழானது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் என் கல்லாப்பெட்டியைப் பார்க்கக் கூசுகிறது.

மழை விட்டுத் திரும்பி வந்தபோது விதோயேயும் இல்லை, காலி வேனும் இல்லை. நகரத்தில் அவர் பார்த்தது குளிர்பெட்டி ரிப்பேர் என்று பிறகு தெரிந்தது. எது எப்போது வேர்க்கும் என்று கற்றவர்தான். கொப்பரையை மட்டும் விட்டுப் போயிருந்தார். ஸ்டோய்கா அதைச் சாராய அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள். தூக்கிவிடப் போன என்னிடம் மெல்லச் சொன்னாள்: "துடைச்சிட்டு நின்னேன்ல திஹோ, ஒரு நிமிஷம் நானும் பார்த்தேன்டா, நிஜமாவே அழுதிர மாட்டாரான்னு." அவளும் ஆசைப்பட்டாள், ஆனாலும் துடைத்துப் பார்த்தாள்.

நேற்று வெளியூர்க்காரர் இரண்டு பேர் வந்து, அழுகிற கொப்பரை எங்கே என்று விசாரித்தார்கள். ஆளுக்கு ஒரு குளிர்ந்த பீரைக் கையில் கொடுத்து, "கையில இருக்கிறத நல்லாப் பாருங்க, புரியும்" என்றேன். ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். மற்றவர் பார்த்தார், நடுங்கினார், தொப்பியைக் கழற்றினார். "இதுவும் அழுகுதே! ஐயா, இது யாரோட ஆவி?"

துடைத்துப் பார்க்கத் துணி என்னிடம் நிறைய இருக்கிறது, இலவசமாகவே தருகிறேன். அதைக் கையில் எடுக்க வேண்டியவர் அவர்தான்.