கருமாதி முடிந்த மரநாய்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. மற்ற கதைகளில் இருக்கிறதே என்று கேட்டால் நான் என்ன செய்வது, அந்தக் காட்டில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு காட்டெருமை தலைவராக இருந்தது. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, யாரிடமும் கெட்ட பெயர் வாங்கிவிடக் கூடாது என்ற கவலை. இந்த மூன்றும் இருந்தால் எந்தக் காட்டிலும் தலைவராகிவிடலாம்.

அந்தக் காட்டில் சொர்ணத்தாய் என்றொரு முயல் இருந்தது. அதற்கு ஒரே பிள்ளை, பெயர் மாசானம். கோரைக்கிழங்கு தோண்டிவருகிறேன் என்று ஒரு நாள் காலையில் கிளம்பிய மாசானம் வீடு திரும்பவில்லை. தேடிப்போனவர்களுக்கு ஆற்றங்கரைப் புதரில் கொஞ்சம் ரத்தமும் கொஞ்சம் முடியும் கிடைத்தன. அன்று காலை மாசானத்தோடு பேசிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனது கொம்பையா என்ற மரநாய். கொம்பையாவைத் தேடினால், அது ஆற்றை நீந்தி அக்கரைக் காட்டுக்குப் போய்விட்டிருந்தது.

தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் செய்தி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் செத்தாலும் கருமாதி செய்து ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும். பந்தியில் இலை விழுவதற்கு முன்னால் தலைவர் எழுந்து, இன்னார் இன்ன இடத்தில் இன்ன விதமாகச் செத்தார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அந்தப் பெயரைச் சபையில் யாரும் எடுக்கக் கூடாது. மாசானம் எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாததால் அதற்குக் கருமாதி நடக்கவில்லை. கருமாதி நடக்காததால் அது சாகவும் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் சபை கூடும்போது காட்டெருமை எல்லாப் பெயரையும் கூப்பிட்டுவிட்டு மாசானத்தையும் கூப்பிடும். எல்லாரும் ஒரு தடவை வழியைத் திரும்பிப் பார்ப்பார்கள். சொர்ணத்தாய் எழுந்து, "வரல" என்று சொல்லிவிட்டு உட்காரும். பெற்றவளை இதைவிடக் கொடுமைப்படுத்த முடியாது. ஆனால் முறைப்படி நடந்ததால் யாருக்கும் அது கொடுமையாகத் தெரியவில்லை.

சொர்ணத்தாய்க்கு வேண்டியது ஒன்றுதான். கொம்பையாவைச் சபையில் நிறுத்தி, என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். அது சொல்லும் பதிலை வைத்துக் கருமாதியை முடித்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமையாவது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கிடையே அக்கரையில் கொம்பையா பிடிபட்டது. கொலைக்காக இல்லை. அங்கே ஒரு கரடி வீட்டுப் பலாப்பழத்தைத் திருடித் தின்றதற்காகப் பிடித்து, பாறைக் குகையில் அடைத்துவிட்டார்கள். பலாப்பழம் திருடினால் அடுத்த பலாப்பழக் காலம் வரை உள்ளே இருக்க வேண்டும் என்பது அந்தக் காட்டுச் சட்டம்.

இந்தக் காட்டுக்குச் செல்போன் கோபுரம் இன்னும் வரவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை, ஏனென்றால் ஆள்காட்டிக் குருவி இருந்தது. கரையான் புற்றின்மேல் ஏறி நின்று காலையிலும் மாலையிலும் செய்தி சொல்வது அதன் தொழில். ஆள்காட்டி ஒரு நாளும் ஆற்றைத் தாண்டியதில்லை. தரையில் முட்டையிட்டிருக்கிறேன், விட்டு நகர முடியாது என்று சொல்லும். எப்போது கேட்டாலும் முட்டை இருக்கும். அக்கரைச் செய்திக்கு அது நம்பியிருந்தது பிச்சாண்டி என்ற நீர்நாயை. பிச்சாண்டி மீன் பிடிக்கப் போகும்போது குகையின் பின்பக்கத்துப் பொந்து வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வரும். கண்டதைச் சொல்லும், காணாததைச் சொல்லாது. செய்தித் தொழிலில் அதற்கு எதிர்காலமே இல்லை.

பலாப்பழத்தைப் பற்றிப் பிச்சாண்டி வந்து சொன்னதும், மாசானத்தைக் கொன்ற கொம்பையா அக்கரையில் கைது என்று ஆள்காட்டி கத்தியது. கேட்டுக்கொண்டிருந்த பிச்சாண்டி பலாப்பழம் என்று நினைவூட்டியது. திருத்தம் சொல்லிவிடலாம் என்று ஆள்காட்டி ஒப்புக்கொண்டது. திருத்தங்களை அது உச்சி வெயிலில் சொல்லும். அப்போது காடு முழுக்கத் தூங்கும்.

அடுத்த தடவை போனபோது குகைப் பக்கம் மீன் வாசனை அடித்ததாகப் பிச்சாண்டி சொன்னது. காவலுக்கு நின்ற கொக்கு தன் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருந்தது என்றும் சொன்னது. ஆள்காட்டிக்கு முதல் பாதி போதுமாயிருந்தது. கொலைகாரனுக்கு மூன்று வேளையும் மீன் விருந்து என்று அன்று மாலைச் செய்தி வந்தது.

காடு கொதித்தது. குரங்குகள் சருகால் ஒரு மரநாய் செய்து கொளுத்தின. நெருப்பு அணையாமல் இரண்டு புங்கமரங்கள் கருகின. எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போய், கொம்பையாவைக் கொடு, கிழித்துப்போடுகிறோம் என்று கத்தினார்கள். மான்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தின. பிறந்ததிலிருந்து புல்லைத் தவிர எதையும் கிழித்தறியாதவை அவை.

சத்தம் கேட்டு அக்கரையிலிருந்து ஓர் ஆமை தூது வந்தது. கொம்பையாவைக் கேட்கிறீர்கள், அனுப்பிவைக்க எங்களுக்குத் தடையில்லை, விசாரிக்கத்தானே கேட்கிறீர்கள் என்று அது மரியாதையாகக் கேட்டது. விசாரிக்கத்தான் என்று காட்டெருமை சொன்னது. பின்னால் நின்ற கூட்டம் கிழிக்கத்தான் என்று சொன்னது. ஆமை இரண்டையும் கேட்டுக்கொண்டு தலையை உள்ளே இழுத்தது. அப்படியானால் அது பலாப்பழக் காலம் வரை எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

சொர்ணத்தாய் அதன் பின்னாலேயே தண்ணீர் விளிம்பு வரை ஓடியது. முயலுக்கு நீந்தத் தெரியாது. கரையில் நின்றுகொண்டு, நான் கேட்கத்தான் கூப்பிடுகிறேன், நான் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று ஆமையின் ஓட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் அவளுக்காகத்தான் கத்திக்கொண்டிருந்தது.

மீன் செய்திக்குப் பிறகு காட்டில் யாருக்கும் தூக்கம் சரியாக வரவில்லை. ஆள்காட்டிக்கு அது புரிந்தது. குகையில் உண்ணித் தொல்லை, கொம்பையா எந்நேரமும் சொறிந்துகொண்டே இருக்கிறது என்று பிச்சாண்டி சொன்னபோது, கொலைகாரனுக்குத் தினமும் அரிப்பெடுக்கும் காஞ்சொறி இலையால் அடி என்று செய்தி வந்தது. உடனே எல்லாருக்கும் உடம்பு தேறியது. எத்தனை அடி, எந்தப் பக்கத்தில் அடி, கத்தினானா என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார்கள். அணில்கள் சொர்ணத்தாயின் வளைக்கு வந்து, மனசு ஆறிச்சா என்று விசாரித்துவிட்டுப் போயின.

சொர்ணத்தாய் கரையான் புற்றுக்குப் போய், அடிக்கிறவங்க எம்புள்ளையப் பத்தி ஏதாவது கேட்டாங்களா என்று விசாரித்தது. ஆள்காட்டி கொஞ்சம் யோசித்தது. இரக்கமில்லாத பறவை என்று அதைச் சொல்ல முடியாது.

"அது செய்தியில இல்லையே தாயி," என்றது.

மழைக்காலம் வந்தது. குகை ஒழுக ஆரம்பித்ததால் கொம்பையாவைப் பக்கத்துக் குகைக்கு மாற்றினார்கள். பொந்து வழியாகப் பார்த்த பிச்சாண்டிக்கு இது எப்படித் தெரியும்? ஆளைக் காணோம், தரையில் கொஞ்சம் முடி கிடக்கிறது என்று வந்து சொன்னது. சொல்லி முடிக்கும் முன்பே ஆள்காட்டி புற்றின் உச்சியில் இருந்தது. சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள், கொம்பையாவின் கதை முடிந்தது என்று அன்று காலைச் செய்தியே மாலை வரை நீண்டது.

அந்தக் காட்டில் அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. மயில்கள் தோகையை விரித்தன. அப்புறம்தான் யாருக்கோ வழக்கம் நினைவுக்கு வந்தது. செத்தது யாராக இருந்தாலும் கருமாதி செய்தாக வேண்டும் அல்லவா? கொம்பையாவுக்குச் சொந்தம் என்று காட்டில் யாரும் இல்லாததால் ஊரே சேர்ந்து செய்வதென்று முடிவானது. பன்றிகள் சமைத்தன. வள்ளிக்கிழங்கு, இலுப்பைப்பூ, கேட்பவர்களுக்கு மீன், கடைசியில் தேன். கொலைகாரனுக்கு இவ்வளவு பெரிய கருமாதியா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் பசியோடு இருந்தார்கள்.

சொர்ணத்தாயை முதல் பந்தியில் முதல் இலைக்கு உட்காரவைத்தார்கள். காட்டெருமை எழுந்து, கொம்பையா அக்கரைக் குகையில் சக கைதிகள் அடித்ததில் இறந்துபோனது என்று முறைப்படி உரக்கச் சொன்னது. இலை போட்டார்கள்.

"ஐயா, பிணத்த யாரு பாத்தா?" என்று சொர்ணத்தாய் கேட்டது.

பந்தியில் கை நின்றது. காட்டெருமை ஆள்காட்டியைப் பார்த்தது. ஆள்காட்டி பிச்சாண்டியைப் பார்த்தது. முடியைத்தான் பார்த்தேன் என்று பிச்சாண்டி சொன்னது. முடியும் பிணத்தில் சேர்ந்ததுதானே என்று ஒரு மான் சமாதானம் சொன்னது.

"எம்புள்ளைக்கும் முடிதான கெடைச்சுது," என்றது சொர்ணத்தாய். "அதுக்கு மட்டும் ஏன்யா கருமாதி இல்ல?"

இது சந்தோஷமான இடத்தில் கேட்கிற கேள்வி இல்லை என்று எல்லாருக்கும் பட்டது. நமக்காக இவ்வளவு செய்திருக்கிறார்களே என்ற நன்றி அவளுக்கு இல்லை என்று அணில்கள் வருத்தப்பட்டன. சொர்ணத்தாய் இலையை மூடிவிட்டு எழுந்து போனது. மற்றவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டார்கள். அதோடு கொம்பையாவின் பெயர் சபையிலிருந்து போயிற்று.

பலாப்பழக் காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, காட்டெருமை பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பக்கத்து வழியில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மரநாய் வந்தது. உடம்பு மெலிந்திருந்தது. இடது காதில் பழைய கிழிசல் இருந்தது. சபைக்கு நடுவில் வந்து நின்றது.

"நான்தான் கொம்பையா," என்றது. "உள்ள இருந்தப்ப தூக்கமே இல்ல. கேக்க வேண்டியதக் கேளுங்க, சொல்லிருதேன்."

பன்றி ஒன்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டது.

கடைசியில் காட்டெருமை தொண்டையைச் செருமியது. கொம்பையா செத்துவிட்டது என்றும், எப்படிச் செத்தது என்று தானே எழுந்து சொன்னதாகவும், அதன் கருமாதியில் தானே சாப்பிட்டதாகவும் மெதுவாக எடுத்துச் சொன்னது. கருமாதி முடிந்தவரின் பெயரைச் சபையில் எடுக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சாப்பிட்டதைத் திருப்பி வைக்க வேண்டும். அது எவ்வளவு சிரமம் என்று சபையே யோசித்துப் பார்க்கட்டும் என்றது. சபை யோசித்துப் பார்த்தது.

ஆள்காட்டிதான் வழி கண்டுபிடித்தது. இது கொம்பையாவின் சித்தப்பா மகனாக இருக்க வேண்டும், முகஜாடை அப்படியே இருக்கிறது, அண்ணன் செத்த துக்கத்தில் பேசுகிறது என்று அறிவித்தது. சபை பெருமூச்சு விட்டது. ஆமாம், ஜாடை இருக்கிறது, ஆனால் கொம்பையா இன்னும் கொஞ்சம் கறுப்பு என்று சொன்னார்கள்.

சொர்ணத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. மரநாயின் இடது காதைப் பார்த்தது. அந்தக் கிழிசலைக் கொம்பையாவின் சின்ன வயதிலிருந்தே அதற்குத் தெரியும், மாசானமும் கொம்பையாவும் ஒரே புதரடியில் விளையாடியவை. மூக்கோடு மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று, கோபமில்லாமல், கெஞ்சுவதுபோல் கேட்டது.

"எம்புள்ளைய என்னய்யா செஞ்ச? எப்படியிருந்தாலும் சொல்லிரு. அவனுக்கு நான் காரியம் முடிக்கணும்."

மரநாய் வாயைத் திறந்தது. நாக்கு நுனி வரை எதுவோ வந்துவிட்டது. அதன் கண்ணில் தண்ணீர் நின்றது, அது ஆற்றுத் தண்ணீரில்லை.

அந்த நேரத்தில் ஆள்காட்டி புற்றிலிருந்து, அண்ணனைப் பறிகொடுத்த உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டது.

மரநாய் சுற்றிலும் பார்த்தது. மான்கள் புல் மென்றுகொண்டிருந்தன. குரங்குகளின் கையில் கொள்ளி இல்லை. கிழிப்போம் என்று சொன்னவர்களெல்லாம் அனுதாபத்தோடு தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அணில், சாப்பிட்டியாப்பா என்று கேட்டது. மரநாய் வாயை மூடியது. பிறகு மறுபடியும் திறந்தது.

"அண்ணன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல தாயி," என்றது.

சொர்ணத்தாய் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சபை கைதட்டியது. கொம்பையாவின் காலிப் பொந்தை அதன் தம்பிக்கே கொடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. பிச்சாண்டி எழுந்து, குகைக்குள் பார்த்த ஆள் இதேதான் என்று சொல்லப்போனது. அதை உச்சி வெயிலில் வந்து சொல்லும்படி ஆள்காட்டி கேட்டுக்கொண்டது. பிச்சாண்டி வந்தது, சொன்னது. காடு தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காட்டெருமை பெயர்களைக் கூப்பிட்டது. புதிதாக வந்த தம்பியைக் கூப்பிட்டது, தம்பி எழுந்து வணக்கம் சொன்னது. கடைசியில் மாசானத்தைக் கூப்பிட்டது. எல்லாரும் வழியைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தது.

சொர்ணத்தாய் எழுந்து, "வரல" என்றது.

நீதி: ஊர் விருந்தில் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிடாமல் எழுந்து போகிறவர்களுக்குப் பிற்பாடு ஆளை அடையாளம் தெரிந்து தொலைக்கிறது.