ஏகாம்பரத் தலைவருக்கு நான் வைத்த சிலை

திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு குப்பத்தில், கடலைப் பார்த்தபடி எனக்கு ஒரு சிலை இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பீடத்தில் வேறொருவர் பெயர்தான் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரையும் நான்தான் எழுதினேன். எழுத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. முகத்தில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

நான் பிறந்ததும் அதே குப்பத்தில்தான். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். எனக்கோ கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி வரும். கரையில் இழுத்துப் போட்டிருக்கும் கட்டுமரத்தில் ஏறினாலும் வரும். (நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் அப்பாவும் நம்பாமல் மூன்று தடவை ஏற்றிப் பார்த்தார்.) பத்து வயதில், ராயபுரத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனேன்.

பதினாலு வருஷம் நடிகனாக இருந்தேன். முதலில் ராஜகுமாரி. குரல் உடைந்ததும் மந்திரி. அப்புறம் மந்திரிக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிறவன். கடைசியில் திரைக்குப் பின்னால் நின்று இடி இடிக்கிறவன். இப்படிப் படிப்படியாக நான் முன்னேறிக்கொண்டிருந்தபோது கம்பெனியே படுத்துவிட்டது. திரைச்சீலை எழுதுகிறவர் விட்டுப்போன நாலு பிரஷ்களை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து ஓவியன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

ராயபுரத்தில் சோடாக் கடைக்கும் சலூனுக்கும் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஏணிமேல் நின்று சோடாக் கடைக்குச் சிங்கம் வரைந்துகொண்டிருக்கையில், மீன் கூடையோடு போன ஒரு பெண் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த சிங்கத்துக்கு இன்னாபா, பல்லு வலியா?" என்றாள்.

என்னுடைய கலையைப் பற்றி யாரும் அதுவரை ஒரு அபிப்பிராயமும் சொன்னதில்லை. அந்த இடத்திலேயே மனசு போய்விட்டது. விசாரித்ததில், எங்கள் குப்பத்துப் பெண்தான், பெயர் பவுனு என்று தெரிந்தது. செத்துப்போன ஏகாம்பரத் தலைவரின் ஒரே மகள்.

ஏகாம்பரத் தலைவர் எங்கள் குப்பத்துக்கு முப்பது வருஷம் நாட்டாமை செய்தவர். ஒரு புயலில் தனியாகப் போய் எட்டுப் பேரைக் கரைசேர்த்தவர். நான் ஊர் திரும்புவதற்கு ஒரு வருஷம் முன்னால் காலமாகிவிட்டார். நான் ஓடிப்போகுமுன் பார்த்திருப்பேன்தான். ஆனால் அந்த வயதில் அவரைக் கண்டாலே ஓடுவோம் என்பதால், முகத்தை நின்று பார்க்கிற வசதி இருந்ததில்லை.

பெண் கேட்க அவருடைய தம்பி கன்னியப்பனிடம் போனேன். அவர்தான் அப்போது தலைவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணிக்குப் போவாதவனுக்கு எங்கண்ணன் பொண்ணா? நல்லாக்கீதே கதை!"

"மாமா, நான் தொழில் தெரிஞ்சவன். நடிகன், ஓவியன்..."

"செல செய்வியா?"

பக்கத்துக் குப்பத்தில் அவர்கள் தலைவருக்கு ஒரு படம் திறந்திருந்தார்கள். அதிலிருந்து எங்கள் குப்பத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவர்கள் படம் வைத்தால் நாம் சிலை வைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. வெளியூர்ச் சிற்பியை அழைக்க மனசில்லை.

"செய்வேன்" என்றேன். நாடகத்துக்காகக் காகிதக் கூழில் ஒரே ஆளுக்குப் பத்துத் தலை செய்தவன் நான். ஒரு தலை என்ன பிரமாதம்?

"அப்ப செய்யி தொரை. தெவசத்தன்னிக்குத் தொறக்கணும். அத்தப் பாத்து எங்கண்ணி 'அவருதான்'னு சொல்லணும். சொன்னா பவுனு ஒனக்கு. சொல்லலன்னு வையி, இந்தப் பக்கமே தலைய காட்டாத."

இப்படியாக நான் சிற்பி ஆனேன்.

முதல் சிக்கல், தலைவருக்குப் புகைப்படமே கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை மறுத்துவிட்டாராம். சரி, பார்த்தவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வோம் என்று புறப்பட்டேன். கிளி மூக்கு என்றார் ஒருவர். சப்பை மூக்கு என்றார் அடுத்தவர். மூன்றாமவர், மூக்கைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு எனக்குத் திமிரா என்று கேட்டார். மீசை இருந்தது என்பதில் மட்டும் குப்பம் முழுக்க ஒற்றுமை.

கடைசியாகத் தலைவரின் மனைவி அஞ்சலை அத்தையிடம் போனேன். அவர் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டதும் சங்கடப்பட்டுப் புடவைத் தலைப்பை முறுக்கினார்.

"நான் இன்னாத்தப்பா கண்டேன்? அவரு வந்தா எய்ந்து நின்னு தலைய குனிஞ்சிக்குவேன். நிமுந்து பாத்தா மரியாதயா? காலு நல்லா தெரியும். வேணும்னா காலு சொல்றேன், எய்திக்கோ."

சொன்னார். பெருவிரல் நகம் கறுத்திருக்கும். இடது சுண்டு விரல் உள்பக்கம் மடங்கியிருக்கும். வலது கணுக்காலில் கயிறு அறுத்த தழும்பு. குதிகாலில் மூன்று வெடிப்பு. முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையும் அந்த இரண்டு பாதங்களுக்குள் இருந்தது. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். கால் ஆயிற்று, மீசை ஆயிற்று. நடுவில்தான் கொஞ்சம் பாக்கி.

அங்கேதான் எனக்குள் இருந்த நடிகன் விழித்துக்கொண்டான். (தூங்கவிட்டிருக்கலாம்.) ஒரு ஆளைச் செய்ய வேண்டுமானால் முதலில் அந்த ஆளாக வேண்டும் என்பது எங்கள் கம்பெனிப் பாடம். வலை வைக்கிற கொட்டகையில் ஊராரைக் கூட்டி உட்காரவைத்துத் தலைவரைப் போல நடந்து காட்டினேன். "கைய இன்னும் பின்னால கட்டு", "தோள நிமுத்து", "கனைச்சிட்டுப் பேசு" என்று ஆளுக்கு ஒன்று திருத்தினார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தன்னை மறந்து எழுந்து கைகட்டி, "தலைவரே, எந்தம்பி வலைய திருப்பித் தர மாட்டேங்கறான்" என்று முறையிட்டார். நான் கனைத்துவிட்டு, நாளைக் காலைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். தம்பி கொடுத்துவிட்டான்.

இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சலூன்காரரிடம் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினேன். துறைமுகத்துப் பழைய இரும்புக் கம்பியில் கூடு கட்டி, செங்கல்லும் சிமெண்டும் வைத்துப் பூசினேன். தலைவரைப் போல நிற்பேன், முறைப்பேன், கண்ணாடியில் பார்ப்பேன், பார்த்ததை அப்படியே சிமெண்டில் வைப்பேன். புருவம் தூக்கினால் சிலையும் தூக்கியது. கண்ணாடியில் தெரிவது ஏகாம்பரத் தலைவர் இல்லை என்று ஒரு விநாடிகூட எனக்குத் தோன்றவில்லை. பதினாலு வருஷம் வேஷம் கட்டினால் வருகிற வியாதி இது.

யாராவது எட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்துபோயிருக்கும். விட்டேனா? திரை தூக்கும்வரை வேஷத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் இன்னொரு பாடம். சிமெண்ட் இறுக ஈரச் சாக்கு சுற்ற வேண்டும் என்ற சாக்கும் கிடைத்தது. கன்னியப்பன் வந்து கேட்டதற்கே, "தொறக்கற அன்னிக்குப் பாருங்க மாமா, அசந்துபூடுவீங்க" என்றேன். அந்த வாக்கை மட்டும் முழுசாகக் காப்பாற்றினேன்.

திவசத்தன்று காலை குப்பமே கடலுக்குப் போகவில்லை. மேளம், மாலை, மாவிலைத் தோரணம். திறந்துவைக்க நகரசபை உறுப்பினர் ஒருவரை அழைத்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரர்களையும், வயிறு எரியட்டும் என்று, முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சிலைமேல் பாய்மரத் துணி போர்த்தியிருந்தது.

உறுப்பினர் கயிற்றை இழுத்தார். துணி பாதி சுருண்டு இடுப்பில் மாட்டிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் தலைகுனிந்து நின்ற அஞ்சலை அத்தை அந்தக் கால்களைப் பார்த்தார். கறுத்த நகம், மடங்கிய விரல், தழும்பு, மூன்று வெடிப்பு. "ஐயோ, அவருதான்! அவரேதான்! என் ராசா!" என்று ஓடிவந்து பாதத்தில் விழுந்து கதறினார். கூட்டமே அழுதது. கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கற்பூரம் ஏற்றிக் காட்டினார். ஆண்கள் எல்லாரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்கள். பவுனு என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு நிமிஷந்தான். ஒரு நிமிஷம் முழுசாகக்கூட இருக்காது.

ஒருவர் ஏணி வைத்து ஏறி மிச்சத் துணியை உருவினார்.

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "அய்ய... இது நம்ம தொரையாச்சே!" என்றது.

நிமிர்ந்து பார்த்தேன். மீசை வைத்துக்கொண்டு நான் மேலே நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

யாரையும் அறியாத உறுப்பினர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெகிழ்ந்துபோய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணனா? அப்படியே உரித்துவைத்திருக்கிறதே. தாங்க முடியாத இழப்புதான், தைரியமாக இருங்கள்" என்றார். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பு எண்ணூர்வரைக்கும் கேட்டிருக்கும்.

"டேய் தொரை!" என்று பாய்ந்தார் கன்னியப்பன். "எங்கண்ணனுக்கு செல வையின்னா ஒனக்கே வச்சிகினியாடா பேமானி! நானு வேற கற்பூரம் காட்டி, வியுந்து கும்புட்டுகினு... எட்றா கடப்பாரைய!"

கடப்பாரை வந்தது. அஞ்சலை அத்தை குறுக்கே நின்றார். முப்பது வருஷத்தில் அவர் ஆண்கள் கூட்டத்தில் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டார்களாம்.

"கற்பூரம் காட்டியாச்சி. நான் அவருன்னு அழுதுட்டேன். இதும்மேல எவனாவது கை வச்சான்னா அது அவரு மேல கை வச்ச மாரி. வைங்கடா பாக்கலாம்!"

கடப்பாரை கீழே இறங்கியது. அங்கேயே பஞ்சாயத்துக் கூடியது. காட்டிய கற்பூரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகையால் சிலையை உடைக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. ஆனால் தலைவர் ஒரு பக்கம் கும்பிடு வாங்கிக்கொண்டிருக்க, அதே முகம் இன்னொரு பக்கம் பீடி குடித்துக்கொண்டு திரிந்தால் மரியாதை என்ன ஆவது? ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுக் கன்னியப்பன் தீர்ப்புச் சொன்னார்.

"செலை மூஞ்சிய மாத்த முடியாது. ஒன் மூஞ்சிய மாத்திக்கோ. சாவற வரைக்கும் தாடி எடுக்கக் கூடாது. அப்பால, பொண்ணு கிண்ணுன்னு வூட்டாண்ட வராத."

நான் தலைகுனிந்து நின்றேன். அப்போது பவுனு முன்னால் வந்தாள்.

"சித்தப்பா, அம்மா அவருதான்னு சொல்லிச்சா இல்லியா?"

"காலப் பாத்துதானே சொல்லிச்சி!"

"எதப் பாத்தாலும் சொல்லிச்சி இல்ல? எட்டு ஊரு சனம் கேட்டுச்சி. தலைவரு வாக்கு கரையாண்ட எய்தி வச்சதா, அலை வந்தா அயிஞ்சிபூடறதுக்கு?" என்றவள், என் பக்கம் திரும்பி முகத்தை நேராகப் பார்த்தாள். பஞ்சாயத்தே பார்த்துக்கொண்டிருக்க, அவசரமே இல்லாமல் பார்த்தாள். "எங்கம்மா மாரி காலப் பாத்துகினு என்னால குடித்தனம் பண்ண முடியாது. நானு மூஞ்சியப் பாத்துகினுதான் சொல்றேன். எனக்கு இந்த ஆளுதான்."

கன்னியப்பனுக்கு வாக்கு பெரிது. கல்யாணம் மூன்று மாசம் தள்ளி நடந்தது. தாடி வளர வேண்டாமா?

அதற்குப் பிறகு நான் மனித முகம் எதையும் செய்யவில்லை. கோவில் ஒன்றுக்குக் குதிரை செய்தேன். பவுனு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கோவம் வந்தா நீ இப்டித்தான் கீற" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுபடி போர்டு எழுதப் போய்விட்டேன்.

எங்களுக்கு மகன் பிறந்தான். முறைப்படி தாத்தா பெயரை வைத்தோம். அவன் வளர வளர, ஏகாம்பரத் தலைவரை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கன்னியப்பனும் போனார். மிச்சம் இருந்தவர்களுக்குத் தாடிக்குள் போன என் முகமே மறந்துவிட்டது; அவர்களுக்குத் தெரிந்த தலைவர் முகம் பீடத்தில் இருக்கிற முகம் ஒன்றுதான். மகனுக்கு மீசை அரும்பியதும் குப்பமே வியந்தது. "தாத்தனை அப்டியே உரிச்சி வச்சிகினு கீறாம்பா!" என்றார்கள். என்னிடம் வந்து, "வுடு தொரை, ஒன் ஜாடை ஒண்ணுகூட வரல, இன்னா பண்றது" என்று ஆறுதலும் சொன்னார்கள். நான் தாடியைத் தடவிக்கொண்டேன்.

பவுனுவை விட்டால், உண்மை தெரிந்தவர் என்று மிச்சம் இருந்தது அஞ்சலை அத்தை மட்டும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அத்தே, நீங்களாவது சொல்லுங்க. இவன் யாரு மாரி கீறான்?"

அவர் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, வெகுநேரம் பார்த்தார்.

"அவரு மாரிதான்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "கோச்சிக்காத தொரை. அவரு கீற வரைக்கும் அந்த மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. செல வச்சப்பறந்தான் தெனம் போயி தெகிரியமா பாத்தேன். எனக்கு அவரு மூஞ்சி இதான்" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

இன்றும் ஒவ்வொரு திவசத்துக்கும் சிலைக்கு மாலை போடுகிறார்கள். நானும் வெள்ளைத் தாடியோடு வரிசையில் நின்று கும்பிடுகிறேன். போன தடவை என் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா, கொள்ளுத்தாத்தா எம்மாம் அயகா கீறாரு இல்ல?"

"ரொம்ப" என்றேன்.

பின்னால் நின்ற பவுனு என் முதுகில் ஒரு இடி இடித்து, "சாமி கும்புட்ற எடத்துல இன்னா தற்பெருமை?" என்றாள்.