எல்லாருக்கும் சாமி, எனக்குச் செருப்பு

நோட்டன் பிரிட்ஜ்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

ராகலையில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி கஜேந்திரனுக்கு,

அக்கா வீரம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி நாகலெட்சுமியும் மகன் பிரதாப்பும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நாளில் மூன்று கோயில் கும்பிட்டவர்களுக்கு என்ன குறை வரும்? நான் நலமாக இல்லை. சளி பிடித்திருக்கிறது, முழங்கால் வீங்கியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே கோபம் வந்திருக்கிறது. சளிக்கும் முழங்காலுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். கோபத்துக்கு ஒன்றும் இல்லையாம்.

இதையெல்லாம் போனில் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "இங்க சிக்னல் இல்லக்கா, பொறவு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான் என்றாலும், மாதர் சங்கத் தலைவியாக இருந்த காலத்தில் தோட்டத்துத் துரைக்கே மனு எழுதி எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரத்தை மாற்ற வைத்தவள். உனக்கு எழுதவா எனக்குத் தெரியாது? உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் மச்சான் கண்ணை மூடியது போன தை மாதத்தில். வருசம் திரும்பும்வரை நான் கோயில் படி ஏறக்கூடாது, நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்கக்கூடாது என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நான் வீட்டில் பேசாமல் கிடந்தேன். நீதான் போன் செய்தாய். "தனியா லயத்துல கெடந்து என்னாக்கா செய்யப் போறீங்க? எனக்கும் அறுபது முடியிது. மகன் வேன் புடிச்சிருக்கான். நுவரெலியாப் பக்கம் சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். வாவியில படகு, பார்க்குல பூ, வேற ஒண்ணுமில்ல" என்றாய். வேற ஒண்ணுமில்லை என்றாயா இல்லையா? அதை நம்பித்தான் நான் பெட்டியைத் திறந்து நல்ல சேலை எடுத்தேன். உனக்கு ஒரு வேட்டியும் நாகலெட்சுமிக்கு ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு, ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினேன்.

ரயிலில் நிற்க இடமில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நாம் இத்தனை காலம் கொழுந்து பறித்த மலையை அவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனாலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழும்பி எனக்கு இடம் கொடுத்தாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். என் கூடப்பிறந்தவனின் வேனில் எனக்குக் கிடைத்த இடம் எது? பின்சீட்டில், சோற்று அண்டாவுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் நடுவில். ஒவ்வொரு வளைவிலும் பருப்புக் குழம்பு என் மடிக்கு வந்தது. பிரதாப் போட்ட பாட்டு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதால் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் இரைந்துகொண்டிருக்கிறது.

வேன் வாவிப் பக்கம் திரும்பவில்லை. நேரே ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் போய் நின்றது. "ஒரு தேங்காய் ஒடச்சிட்டு வந்திருவோம்க்கா" என்றாய். சரி, பயணம் போகிறவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது வழக்கம்தான் என்று நானும் இருந்தேன். நாகலெட்சுமி வந்து, "மதினி, தப்பா நெனைக்காதீங்க, நீங்க உள்ள வர ஏலாது தானே, இந்தச் செருப்பெல்லாம் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்றாள். தப்பாக நினைக்கவில்லை. இரண்டாவது கோயிலிலும் அதையே சொன்னாள். அப்போதும் தப்பாக நினைக்கவில்லை. இரண்டு தரம் நினைக்காமல் விட்டதையும் சேர்த்து மூன்றாவது கோயிலில் நினைத்துக்கொண்டேன். வேற ஒண்ணுமில்லை என்று சொல்லிக் கூட்டிவந்து, வேன் நிறைய சனத்துக்குச் செருப்புக் காவலுக்கு அக்காவை வைத்த தம்பி இந்த மலைநாட்டில் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

இரண்டாவது கோயிலில் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. குரங்கு வந்தது. இருந்த செருப்பையெல்லாம் விட்டுவிட்டு, பிரதாப்பின் புதுச் சப்பாத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் மரம் ஏறவா முடியும்? குடையை வீசினேன். குடையையும் எடுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அம்மே, பொட்டக் பலாகன்ன" என்று, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கள் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் வைத்தது. திரும்பி வந்த ஒரு அம்மா என் கையில் சில்லறையைத் திணித்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மாதர் சங்கத் தலைவி வீரம்மாவின் கையில்! உன் மகன் வந்து, "அத்தை, என்ட ஒத்தச் சப்பாத்த என்னா செஞ்சீங்க?" என்று கேட்கிறான். அவித்துச் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தம்பி மகன் என்று பார்த்தே என் வாய் கட்டுப்பட்டுப்போயிற்று.

இருக்கட்டும். மூன்றாவது கோயிலுக்கு வருகிறேன். நானுஓயா ரோட்டில் இருக்கும் அந்த அம்மன் கோயில். நானும் உன் மச்சானும் மார்கழிக்கு மார்கழி போன கோயில். அவர் உள்ளே வரமாட்டார் என்பது உனக்குத் தெரியும். சாமியே இல்லை என்ற மனிதர். அவருடைய அறுபதுக்குத் தாலி கட்டச் சொன்னபோதும், "ஒருக்காக் கட்டுனது அந்து போச்சா?" என்று கேட்டவர். நான் உள்ளே போனால் அவர் வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். இப்படிப்பட்ட ஆளுக்கு வாக்கப்பட்டும் அந்த அம்மன் என்னைக் கைவிடவில்லை என்று உனக்கே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். மார்கழிப் பனியில் கல் தரையில் நின்று கும்பிட்டு, கால் மரத்துப்போய் வெளியே வந்தால், என் செருப்பு மட்டும் சூடாக இருக்கும். வருசா வருசம் இருக்கும். அது அம்மன் அருள் என்று லயத்தில் எல்லோருக்கும் சொல்லி, பாதிச் சனத்தை அந்தக் கோயிலுக்கு அனுப்பியவள் நான். ஒருமுறை உன் மச்சானையே குனிய வைத்து, "தொட்டுப் பாருங்க, சாமி இல்லேங்கிறீங்களே, இப்பச் சொல்லுங்க" என்றேன். அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா புள்ள, சூடாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு அவரை வென்றுவிட்டதாக நினைத்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன்.

அந்தக் கோயிலில் வேன் நின்றதும் நீ பையிலிருந்து பட்டு வேட்டியை எடுத்தாய். நாகலெட்சுமி கூறைச் சேலையை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன் அறுபதாம் கல்யாணம்! "சொன்னா வரமாட்டீங்கன்னுதான் சொல்லலக்கா" என்றாய். ஆமாம், வந்திருக்க மாட்டேன். வராமல் வீட்டில் இருந்து உன்னை மனதில் வாழ்த்தியிருப்பேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சிய ரத்தம் நீ ஒருத்தன். உன் முதல் கல்யாணத்துக்குத் தோட்டம் முழுக்கப் பாக்கு வைத்து அழைத்தவள் நான். இரண்டாவது கல்யாணத்தை வாசலுக்கு வெளியே, மழையில், செருப்போடு செருப்பாக நின்று மேளச் சத்தத்தில் கேட்டேன். கூப்பிட்டு வைத்து மூக்கை அறுப்பது என்பது இதுதான். நான் வாங்கி வந்த வேட்டியும் சேலையும் பையிலேயே இருந்தன. மனசு விட்டுப்போயிற்று, கஜேந்திரா.

மழை வலுத்தது. குடை குரங்கிடம். செருப்பையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு எதிரே இருந்த சரிபுதீன் நானாவின் டீக்கடைக்கு ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். "அடுப்புக்குப் பக்கத்துல வைங்கக்கா, அண்ணன் அங்கதானே வைப்பாரு" என்றார். எந்த அண்ணன் என்றேன். உன் மச்சானின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் எழுதமாட்டேன், பழக்கமில்லை. "மார்கழிக்கு மார்கழி வருவாரே. நீங்க உள்ள போனதும் உங்க செருப்பத் தூக்கிக்கிட்டு இங்க வந்திருவாரு. பிளேன்டி ஒண்ணு குடிச்சிக்கிட்டு, செருப்பத் திருப்பித் திருப்பி அனல்ல காட்டுவாரு. ரப்பர் உருகிருமுங்க அண்ணேன்னு சொல்லுவேன். அவளுக்குக் காலு வெடிப்பு நானா, சில்லுன்னு பட்டா ராவைக்கு வலி தாங்கமாட்டாம்பாரு. நீங்க படியில எறங்குறது தெரிஞ்சா ஓடிப்போயி வச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பீடியப் பத்த வச்சிக்கிட்டு நிப்பாரு." சொல்லிவிட்டு வாசலை எட்டிப் பார்த்து, "அண்ணன் வரலையா இந்த மொற?" என்று கேட்டார்.

தையில் போய்விட்டார் என்றேன். அவர் கையிலிருந்த டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் மேலிருந்த கோபமெல்லாம் அப்போது உன் மச்சான் மேல் போயிற்று. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இத்தனை மார்கழி! நான் ஊரெல்லாம் அருள் அருள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு பீடி குடிக்கிறார். தொட்டுப் பார் என்றால் தொட்டுப் பார்க்கிறார். ஆமா புள்ள என்கிறார். இருந்திருந்தால் அன்றைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பேன். சண்டை போடக்கூட ஆளில்லாமல் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த நேரம் பார்த்து மாலையும் கழுத்துமாக நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். "பாவம், மதினிக்குச் சாமி பாக்க முடியலேன்னு கவலை" என்று நாகலெட்சுமி கண்ணைத் துடைத்தாள். ஒற்றைச் சப்பாத்துக்காரன் பிரதாப் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தான். அதில் என் மூக்கு எப்படி இருக்கிறதோ, அதை வேறு உறவுக்காரர் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறானாம்.

பிறகு அடுப்போரம் வைத்த செருப்பையெல்லாம் நான் அள்ளிவந்து கடை வாசலில் போட, நாகலெட்சுமி தன் செருப்பைப் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ மதினி, நீங்க சொன்னது மெய்தான்! அம்மன் அருளு! தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். "ஆமா புள்ள, சூடாத்தான் இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. சரிபுதீன் நானா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி மார்கழிக்கு மார்கழி வருவதாக உன் மனைவி அங்கேயே நேர்த்தி வைத்துவிட்டாள்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். வாவியையும் பார்க்கையும் காட்டுவதாகப் பொய் சொன்னதற்கு நீ மன்னிப்புக் கேட்கும்வரை என் வாசலை மிதிக்காதே. உன் வேனில் நான் இனிக் கால் வைக்கமாட்டேன். எந்தக் கோயில் வாசலிலும் எவர் செருப்பையும் இந்த வீரம்மா காக்கமாட்டாள். தையில் வருசம் திரும்பியதும் நானே தனியாகப் பஸ் ஏறிப்போய், எல்லாக் கோயிலிலும் முதல் ஆளாக உள்ளே நின்று கும்பிடுவேன். இது உறுதி. நீ கட்டின தாலி கெட்டியாக இருக்கட்டும், நீயும் நாகலெட்சுமியும் நூறைத் தாண்டி இருங்கள், பிரதாப்புக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும், குரங்கு அந்தச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

கோபம் தீராத உன் அக்கா,
வீரம்மா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நாகலெட்சுமிக்குப் படித்துக் காட்டாதே. டீக்கடைச் சங்கதி அவளுக்குத் தெரியவே வேண்டாம். மார்கழி வேனில் எனக்கு ஒரு இடம் வை, அண்டாவுக்குப் பக்கத்தில் என்றாலும் பரவாயில்லை. வேட்டியும் சேலையும் அப்போது கொண்டுவருகிறேன். தையில் வருசம் திரும்பினாலும் அந்தக் கோயிலுக்குள் நான் வரவில்லை, எனக்கு வெளியே வேலை இருக்கிறது. உன் மனைவியின் குதிகாலிலும் வெடிப்பு இருக்கிறது. நீ பார்த்திருக்கமாட்டாய்.