தெளிந்த வானமும் எழுபத்திரண்டு போர்வைகளும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் மூன்று நாளாக மூக்கடைப்பு, இடது கண்ணிமையில் குளவி கொட்டிய வீக்கம், மனசும் சரியில்லை. ஆகையால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் வேலை பார்க்கும் ரயில் நிலையத்தில் வண்டிகள் குறித்த நேரத்துக்கு வந்துபோகும் என்றும் நம்புகிறேன். குறித்த நேரத்துக்கு வருகிற எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரப்போகிறேன். இதை அப்பாவிடம் தாங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பா தன் மருந்துக்கடையை மனதில் வைத்து என்னை மருந்தியல் படிக்கச் சொன்னபோது, சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல் உட்கார்ந்து, "புள்ளைக்கு வானத்துமேல ஆசைன்னா வானத்தைப் படிக்கட்டுமே, மாத்திரையை யார் வேணும்னாலும் எண்ணிக் குடுக்கலாம்" என்று வாதாடியவர் தாங்கள். அதற்காக அப்பா தங்களோடு ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் அழுதுவிடுவேன், தாங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அத்தையும் சேர்ந்து அழுவார்கள். அதனால்தான் கடிதம்.

இந்த வருஷம் எங்களுக்கு ஒரு பாடம். ஆளுக்கு ஒரு இடம் கொடுத்து, தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே போய் மழை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கூடவே வாரம் ஒரு பக்கம், பருவங்களைப் பற்றி நம் சொந்தச் சிந்தனை. எனக்குக் கிடைத்தது எங்கள் விடுதி மொட்டைமாடி. பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் பாரமானி. புயலுக்கு முன்னால் இறங்கும் அந்தக் காற்றழுத்தக் கருவி போல, யாருக்காவது கஷ்டம் வருவதற்குக் கால் மணி முன்னால் அவர் முகம் தானாக இறங்கிவிடும். முதல் வாரம் நான் ஆசை ஆசையாக, "மழை என்பது வானம் மண்ணுக்கு எழுதும் கடிதம்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். அவர் ஓரத்தில் சிவப்பு மையில், "எத்தனை மில்லிமீட்டர்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

சரி, மில்லிமீட்டரையே பிடித்துக்கொள்வோம் என்று அதன்பிறகு ஒருநாள் தவறாமல் மாடியேறினேன். ஒரு மாசம் சொட்டு மழை இல்லை. திடீரென்று ஒரு காலையில் மழைமானியில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் தண்ணீர். மாமா, மூன்று தடவை அளந்து பார்த்தேன். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க எங்க விடுதி மேல மட்டும் ராத்திரி ஒரு மேகம் வந்து கொட்டிட்டுப் போயிருக்குன்னா, அது சாதாரண விஷயமா? பாரமானிக்குப் போன் பண்ணினேன். அவர் சவரத்தைப் பாதியில நிறுத்திட்டு, ஒரு கன்னத்துல நுரையோட வந்து சேர்ந்தார். குனிஞ்சு பார்த்தார், விரலை நனைச்சு முகர்ந்து பார்த்தார், முகம் இறங்க ஆரம்பிச்சது. அந்த நேரம் பார்த்து விடுதிக் காப்பாளர் அம்மா ரப்பர் குழாயோட மாடிக்கு வந்தாங்க. "ஓ, இது உங்களோடதா? எல்லாப் பூந்தொட்டிக்கும் ஊத்தறேன், இது மட்டும் பாவம் செடி முளைக்கவே மாட்டேங்குதேன்னு இன்னிக்குக் கொஞ்சம் கூடவே ஊத்தினேன்" என்றாங்க. நான் போறதுக்கு முன்னாடி ஊத்திட்டு, நடுவுல டீ குடிக்கப் போயிருக்காங்க. பாரமானி நுரையைக் கைக்குட்டையால துடைச்சிட்டு இறங்கிப் போயிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் வெயில் காலம். வெப்பமானிகளுக்குன்னு வெள்ளை அடிச்ச ஒரு மரப்பெட்டி இருக்கு, காற்று போக இடுக்கு விட்டது. அந்த இடுக்கு வழியா குளவிங்க உள்ள குடிவந்துடுச்சு. அதுங்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, நல்ல காற்றோட்டம் பாருங்க. பத்து நாள் நான் பெட்டிக் கதவைக் கம்பால திறந்துட்டு, இருபதடி தள்ளி நின்னு, பக்கத்து அறைக்காரியோட பைனாகுலரை வாங்கி வெப்பத்தைப் படிச்சேன். பதினோராவது நாள் வெப்பமானிக் கண்ணாடி மங்கலா இருக்கேன்னு கிட்டப் போனேன். அதோட பலன்தான் முதல் பத்தியில எழுதின கண்ணிமை. அந்த வாரம் சிந்தனைப் பக்கத்துல, "இயற்கை அன்னை என்கிறார்கள். அன்னை என்றால் ஒருநாளாவது சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை மாமா. இதுக்காக யாராவது படிப்பை விடுவாங்களா? போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் என்னை உடைச்சிடுச்சு.

எங்க விடுதித் துணியெல்லாம் துவைக்கிறது ஒரு அம்மா. நாங்க சலவைக்காரம்மான்னுதான் கூப்பிடுவோம். மொட்டைமாடியிலதான் காயப்போடுவாங்க. நான் தினமும் பதிவேட்டோட நிக்கிறதைப் பார்த்துட்டு, முதல் மாசத்துலேர்ந்தே "இன்னிக்கு எப்படிம்மா, வருமா?"ன்னு கேப்பாங்க. நானும் முதல்ல சும்மா சிரிச்சேன். அப்புறம் சொல்லிப் பார்த்தேன். நாலஞ்சு தடவை சரியா இருந்தது. அதுலேர்ந்து என் வாய் வார்த்தையைக் கேட்டுட்டுத்தான் அவங்க துணியை ஊறவே வைப்பாங்க. என் வாழ்க்கையிலேயே என்னை முழுசா நம்பின முதல் ஆள் அவங்கதான். (தாங்கள் நம்பியது பாதி நம்பிக்கை, பாதி அப்பாவோடு சண்டை.)

செவ்வாய்க்கிழமை கல்லூரியைப் பார்வையிட மேலிடத்துலேர்ந்து ஆட்கள் வர்றதா இருந்தது. விடுதியில இருக்கிற எழுபத்திரண்டு போர்வையையும் துவைக்கணும்னு காப்பாளர் அம்மா உத்தரவு. சலவைக்காரம்மா காலையில வந்து கேட்டாங்க. நான் காற்றைப் பார்த்தேன், அழுத்தம் பார்த்தேன், நாலு திசையும் சுத்திப் பார்த்தேன். ஒரு மேகம் கிடையாது. பதிவேட்டுல அழகான கையெழுத்துல "வானம் தெளிவு"ன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். "ரெண்டு நாளைக்கு பயமே இல்லை, தைரியமாப் போடுங்க"ன்னேன்.

ரெண்டரை மணிக்கு வந்துச்சு மாமா. வந்துச்சுன்னா, கதவைத் தட்டிட்டு வரலை. மேற்கால ஒரு கருப்புச் சுவர் எழும்பி நடந்து வந்தது. நான் வகுப்பிலேர்ந்து ஓடி மாடியேறறதுக்குள்ள கொடிக்கம்பியே அறுந்துபோச்சு. எழுபத்திரண்டு போர்வையும் பட்டாளம் மாதிரி வரிசையா எழுந்து பறந்தது. ஒண்ணு மின்மாற்றி மேல விழுந்து கல்லூரி முழுக்க இருட்டு. ஒண்ணு பார்வையிட வந்தவங்க கார் மேல போய் மூடிக்கிச்சு. உள்ள இருந்தவங்க, நம்மளைக் கடத்துறாங்கன்னு கத்தினாங்களாம். சலவைக்காரம்மா ரெண்டு கையாலயும் ஒரு போர்வையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அது அவங்களை மாடி விளிம்பு வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு. நான் ஓடிப்போய் அவங்க இடுப்பைக் கட்டிப் பிடிச்சேன். "விடுங்கம்மா, போனாப் போகட்டும்"னு அலறினேன். விட்டாங்க. ரெண்டு பேரும் கைப்பிடிச் சுவர்ல மோதி உக்காந்துட்டோம். அவங்க முழங்கையில தோல் வழண்டு ரத்தம்.

நாற்பத்தொண்ணுதான் திரும்பக் கிடைச்சது. காப்பாளர் அம்மா, இனிமே மாடியில துணி காயப்போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப சலவைக்காரம்மா ஈரத்துணியைத் தலையில தூக்கிக்கிட்டு விளையாட்டுத் திடல் தாண்டி வேலி வரைக்கும் போய்க் காயப்போடறாங்க. அடிபட்ட கையோட. நான் காப்பாளர் அம்மாகிட்டப் போய், "தப்பு என்னோடது, மழை வராதுன்னு நான்தான் சொன்னேன்"னேன். அவங்க சிரிச்சாங்க. "நீ சொன்னியாம், அவ கேட்டாளாம். போய்ப் படி போ"ன்னாங்க. திட்டுறதுக்குக்கூட நான் லாயக்கில்லை.

மறுநாள் காலையில எப்படியாவது அவங்க கண்ணுல படாம மாடியேறலாம்னு பின்படிக்கட்டுல போனேன். அங்க வாளியோட நிக்கிறாங்க, முழங்கையில கட்டு. என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு எப்படிம்மா, வருமா?"ன்னாங்க.

பதிவேட்டை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டேன். "என்னைக் கேக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து என் பேச்சு உங்களைக் கீழ தள்ளியிருக்கும்"னேன்.

"தள்ளலையே"ன்னாங்க. "உன்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பேன்? இந்தக் கட்டடத்துல எழுபது பேர் இருக்காங்க. தலையைத் தூக்கி மேல பாக்கறது நீ ஒருத்திதான்."

நான் ஓடி வந்துட்டேன் மாமா. நம்பாதவங்களோட இருந்துடலாம். நம்பறவங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இந்த வானத்துக்கு நான் ஒருத்தி இருக்கேன்னே தெரியாது. மூணு வருஷமா அதையே பார்த்துட்டு நிக்கிறேன், அது ஒரு தடவைகூடக் குனிஞ்சு பார்க்கலை. மாத்திரை அப்படி இல்லை. பத்து எண்ணினா பத்துதான் இருக்கும். காத்தடிச்சா பதினொண்ணு ஆகாது.

ஆகவே சனிக்கிழமை வண்டியில வர்றேன். அப்பாகிட்ட வெறும் வயித்துல சொல்லாதீங்க. கடைக் கணக்கெல்லாம் முடிச்சு, சாப்பிட்டு, கால் நீட்டி உக்காந்தப்புறம் சொல்லுங்க. "நான் அன்னிக்கே சொன்னேனே"ன்னு அப்பா கண்டிப்பாச் சொல்லுவார். தயவுபண்ணி அதுக்கு மட்டும் பதில் பேசிடாதீங்க.

அத்தைக்கு என் அன்பும் வணக்கமும். தாங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், ஒழுகாத கூரையோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை நம்பி, வேறு எதையும் நம்பாமல் இருக்கும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேல எழுதின அத்தனையையும் கிழிச்சிடுங்க. உறையை ஒட்டறதுக்குப் பசை வாங்கப் போனேன். கடைக்கும் விடுதிக்கும் நடுவுல இருக்கும்போது ஆலங்கட்டி மழை! நெல்லிக்காய் நெல்லிக்காயா விழுது. எல்லாரும் கத்திக்கிட்டு உள்ள ஓடறாங்க, நான் மட்டும் வெளியில நிக்கிறேன். ஏன்னு கேக்காதீங்க. பார்த்தா எதிர்ல இன்னொரு ஆள், தலையில பிளாஸ்டிக் முக்காலியைக் கவுத்துக்கிட்டுப் புல்லுல தவழறார். பாரமானி! "சீக்கிரம் வா, கரையறதுக்குள்ள"ன்னு கூப்பிட்டார். பேனாக்கத்தியால ஒரு கட்டியைக் குறுக்க வெட்டிக் காட்டினார். உள்ள வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்கா, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கண்ணாடி. "மேகத்துக்குள்ள ஒவ்வொரு தடவை மேல போய் வரும்போதும் ஒரு அடுக்கு ஏறும்மா, எண்ணிப் பாரு"ன்னார். ஏழு இருந்தது. எண்ணி முடிச்சதும் மனுஷன் பாதியை வாயில போட்டுக்கிட்டு, மீதியை எனக்கு நீட்டினார். நான் தின்னுட்டேன். ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரிச்சோம். நான் சனிக்கிழமை வரலை. எந்தக் கிழமையும் வரலை. அப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் தலையில மட்டும் நாலு இடம் புடைச்சிருக்கு. உங்க பழைய ஹெல்மெட் சும்மாத்தானே கிடக்குது, அதைப் பார்சல்ல அனுப்பி வைங்க.