முந்தி ஓடும் நிதியம்

டூட்டிங்,
சனிக்கிழமை

அன்புள்ள மருமகன் கிளின்ரனுக்கு மாமா எட்வேட் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் மாமி டொலறசும் சுகம், முழங்கால்கள் நீங்கலாக. உன் சுகத்தையும் உன் வங்கி வேலையின் சுகத்தையும் அறிய ஆவல்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கல்லறை வாங்க வைத்திருந்த காசை, நீ சொல்லித்தானே வளர்ந்துவரும் நாடுகளின் பங்கு நிதியத்தில் போட்டேன்? "மாமா, சந்தைச் சுட்டெண் முன்னுக்குப் போகும், உங்கட பண்ட் அதுக்குப் பின்னாலேயே வரும். கட்டணம், வரி எண்டு கொஞ்சம் பிந்தும், பயப்பிடாதேங்கோ" என்றாய். பிந்தியது. ஒவ்வொரு நாளும் கோயில் கலண்டரில் இரண்டையும் எழுதிப் பார்த்துப் பிறஷர் ஏறியதுதான் மிச்சம். பொறுக்க ஏலாமல், அது சுட்டெண்ணோடு சேர்ந்து நடக்க மன்றாடும்படி நிதியத்தின் பெயரை எழுதித் தமிழ்ப் பூசையில் மன்றாட்டுப் பெட்டிக்குள் போட்டேன். பெட்டி மாறிவிட்டதடா! பாதர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரித்தவர்களின் பெயர்களோடு அதையும் வாசித்தார். சனம் முழுக்க அதன் நித்திய இளைப்பாற்றிக்காக மன்றாடியது. "ஐயோ, மானம் போகுது" என்று டொலறஸ் என்னை நுள்ளினாள்.

திங்கட்கிழமை பார்த்தால் இடைவெளியே இல்லை! நாலு தசமம் வரைக்கும் இரண்டும் ஒன்று. சந்தோசத்தில் கொத்துரொட்டி வாங்கி வந்தேன். புதன்கிழமை நிதியம் 1.32 வீதம் விழுந்தது, சுட்டெண் அசையவில்லை. வியாழன் சுட்டெண் அதே 1.32 விழுந்தது. அன்றுதொட்டு இதே கூத்துத்தான். அந்த நாடுகளில் சந்தை பூட்டிக் கிடக்கிற நாளிலும் இது தனியே ஏறி இறங்குகிறது. சந்தை திறந்ததும் சுட்டெண் பின்னால் போகிறது. பின்னால் வரவேண்டியது முன்னால் போனால் என்ன அர்த்தம், மகன்? "வித்துப்போடுங்கோ, இல்லாட்டி என்னை எங்க வைக்கப்போறியள்?" என்று டொலறஸ் அழுகிறாள். விற்கப்போனால் "அப்படியொரு நிதியம் உங்களிடம் இல்லை" என்று கொம்பியூட்டரில் வருகிறது. எனக்குப் பயமாய்க் கிடக்கு. ஒருக்கால் வந்து பார்.

மடு மாதா உன்னையும் ஷெறோனையும் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

மாமா எட்வேட்

பி.கு.: இதை மடிக்கும்போது நிதியக் கொம்பனியிடமிருந்து தபால் வந்தது. அந்தப் பூசைக்கு முதல் நாளே நிதியத்தைக் கலைத்துவிட்டார்களாம். காசு முழுக்கப் பத்திரமாகக் கிடக்கிறதாம். மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடு. திங்கட்கிழமையே கல்லறைக்குக் கட்டிவிடலாம் என்று டொலறஸ் சிரிக்கிறாள். ஆனால் மகன், இல்லாத நிதியத்துக்கு இன்று சனிக்கிழமையும் விலை வந்திருக்கிறது. இரண்டு வீதம் ஏற்றம். திரும்ப வாங்க ஏலுமோ என்று கேட்டுச் சொல்.